வலி இல்லாத நாளில் ஊசி

என் கல்யாணத்தை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது ஒரு மூடிய கதவு. ஜார்ஜ்டவுன் மண்டபத்தில் மணமேடைக்குப் பக்கத்து அறைக் கதவு அது. உள்ளே ஜன்னலை அடைத்துவிட்டு, நெற்றியில் ஈரத்துண்டுடன் அம்மா பாயில் சுருண்டு கிடந்தார். ஓமப் புகையும் மல்லிகை வாசமும் சேர்ந்து கிளப்பிவிட்ட ஒற்றைத் தலைவலி. கெட்டிமேளம் கொட்டியபோது எல்லோரும் அட்சதை தூவினார்கள். நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அழுததை ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தங்கைக்கு நிச்சயமானதும் அம்மா யாரிடமும் கேட்காமல் டவுனில் ஒரு சீனப் பெண் வைத்தியரிடம் அக்குபஞ்சருக்குப் போகத் தொடங்கினார். வந்த வலியைத் தணிப்பதற்கல்ல, வலி வராமலே தடுப்பதற்கு. அதனால் வாராவாரம் வர வேண்டும் என்று அந்த வைத்தியர் மலாயில் விளக்கியிருந்தார். ஊசி என்றாலே ஊரைக் கூட்டும் அம்மா, நெற்றியிலும் கையிலும் மெல்லிய ஊசிகளோடு அசையாமல் படுத்திருந்ததைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சில வாரங்கள் வலி எட்டிப் பார்க்கவில்லை. உடனே அம்மாவுக்கு மனசு மாறிவிட்டது.

“அதான் வலியே இல்லையே, சும்மா எதுக்குப் போயி குத்திக்கணும்?”

ஜுருவில் கார் பட்டறை வைத்திருந்த அப்பா விடவில்லை. “பிரேக் போனப்புறந்தான் காடிய சர்வீஸுக்கு விடுவியா? மோட்டர்ல ஏறு லா!”

அம்மா முணுமுணுத்துக்கொண்டே அப்பாவின் பைக்கில் பின்னால் ஏறினார். கல்யாணத்துக்கு முந்தின வாரம்வரை ஒரு தடவைகூடத் தவறவில்லை.

தங்கையின் கல்யாணத்தன்றும் சித்தி பக்கத்து அறையில் பாயை விரித்து, ஜன்னலை மூடி, எதற்கும் இருக்கட்டும் என்று தயாராக வைத்திருந்தார். அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. என் கையைப் பிடித்தபடி மேடையோரம் நின்றார். புகை எழும்ப எழும்ப, ஒரு கண் மேடையிலும் ஒரு கண் அம்மாவின் முகத்திலுமாக நின்றேன். தாலி ஏறி மூன்றாவது முடிச்சு விழும்வரை அம்மா மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஊசியின் பலனா, அம்மாவின் பிடிவாதமா, எனக்குச் சொல்லத் தெரியாது. அதன் பிறகும் தலைவலி எப்போதாவது வந்தது. இப்போது அம்மா இல்லை. அதே தலைவலி எனக்கு வந்திருக்கிறது. வலியில்லாத வாரங்களிலும் போய் ஊசி குத்திக்கொண்டு படுக்கிறேன். கண்ணை மூடினால், தங்கை கல்யாணத்தன்று அத்தனை மேளச்சத்தத்துக்கு நடுவே அம்மா என் காதோரம் குனிந்து சொன்னது கேட்கிறது.

“உன்னோடதையும் சேத்துப் பாத்துட்டேன்மா.”