எல்லோருக்கும் நீலத்துணி

தொண்ணூறுகளின் கடைசியில் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தேன். தாடிக்கொம்பில் மில் பஸ் ஏறுவேன். திண்டுக்கல்லிலேயே ஏறிவிடும் ஒரு முஸ்லிம் பெண் எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். மில்லிலும் எனக்குப் பக்கத்து மிஷின் அவளுக்கு. என்னைவிட நாலைந்து வயது இளையவள். அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பாவுக்கு நடக்க முடியாமல் போனதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

நூற்கும் மிஷினில் முடி சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். அதனால் எங்கள் எல்லோருக்கும் தொப்பி கொடுத்திருந்தார்கள். அவள் வெள்ளைத் துணியால் தலையை இறுக்கிக் கட்டி, நுனியைச் சட்டைக் கழுத்துக்குள் செருகி, அதன்மேல் தொப்பி போடுவாள். எங்கள் தொப்பிக்குள்ளிருந்து முடி பிதுங்கும். அவள் கட்டு அசையாது.

புதிதாக வந்த மேனேஜர் ஒரு நாள் ஷிப்ட் தொடங்கும்போது எல்லோர் முன்னாலும் அவளை நிறுத்தினார்.

"ஏம்மா, இது மில்லா, பள்ளிவாசலா? அந்தத் துணிய அவுத்துட்டுத் தொப்பிய மட்டும் போடு."

"தொப்பி போட்டுத்தான சார் இருக்கேன்."

"துணி மிஷின்ல மாட்டுனா யாரு பதில் சொல்றது?"

அவள் திரும்பித் தலையைக் காட்டினாள். "ஆரையாச்சும் இழுத்துப் பாக்கச் சொல்லுங்க சார். அவுந்துச்சுன்னா எடுத்துர்றேன்."

அவர் யாரையும் கூப்பிடவில்லை. மறுநாள் அவளைக் கழிவுப் பஞ்சு அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மிஷின் கிடையாது, தூசுதான். சாயங்காலம் பஸ்ஸில் இமையெல்லாம் பஞ்சோடு உட்கார்ந்து இருமுவாள். பார்க்கப் பொறுக்காமல், "வேலைய விட்ரு, வேற மில்லு பாப்போம்" என்றேன்.

"விட்டா அவரு சொன்னது சரின்னு ஆயிரும்க்கா."

ஒரு நாள் அறுந்த நூலைச் சேர்க்கக் குனிந்தபோது, என் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய சிலுவை மிஷின் பக்கம் ஆடியது. சட்டென்று பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாப்பாட்டு நேரத்தில் மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், என் கழுத்துக் கயிறும் மிஷின்ல மாட்டும்ல?"

"உள்ள போட்டுக்க."

"அவளும் துணிய உள்ளதான சார் செருகியிருந்தா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவ விவகாரம் உனக்கெதுக்கு? நீ வேற ஆளு."

அதுவரை, மனுஷர் பாதுகாப்புக்குப் பயந்துதான் அப்படிச் செய்தாரோ என்று ஒரு சந்தேகம் எனக்குள் இருந்தது. 'வேற ஆளு' என்ற சொல்லில் அது போய்விட்டது. இன்றைக்கு நான் வேற ஆள். நாளைக்கு யாரோ?

முதலாளி மில்லுக்கு வந்த அன்று, நானும் இன்னும் இரண்டு பெண்களும் அவர் காருக்குப் பக்கத்தில் காத்திருந்தோம். ஒட்டன்சத்திரத்துக்காரர், நெற்றி நிறைய விபூதி, வருஷந்தோறும் பழனிக்கு நடந்து போகிறவர். சொன்னதைக் கேட்டுவிட்டு நேராகக் கழிவுப் பஞ்சு அறைக்கு நடந்தார். அவள் இருமிக்கொண்டே எழுந்து நின்றாள்.

"ஏனுங்க, இந்தம்மணி கட்டுன துணி எப்பவாச்சும் அவுந்துச்சுங்களா?" என்று மேனேஜரைக் கேட்டார்.

"இல்லீங்க, ஆனா..."

"அப்ப மிஷினுக்கே அனுப்புங்க."

அடுத்த வாரம் நீலத்துணி கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. இனி எல்லோரும் அவளைப்போலத் துணி கட்டி, மேலே தொப்பி போட வேண்டும், முதலாளி உத்தரவு. அவளே ஒவ்வொருத்தியாக நிறுத்திக் கட்டக் கற்றுக்கொடுத்தாள். வெக்கை தாங்கவில்லை என்று சிலர் முனகினார்கள். எனக்குச் சந்தோஷம். சாயங்காலம் பஸ்ஸில் அவள் நீலத்துணியை மடியில் வைத்து மடித்துக்கொண்டே சொன்னாள்.

"மொதலாளி நல்ல மனுசருதான்க்கா. ஆனா எல்லாருக்கும் பாதுகாப்புன்னு சொல்லி முடிச்சுட்டாரு. எனக்கு நடந்தது தப்புன்னு ஒருத்தரும் சொல்லலயே."

எனக்கு அது தோன்றவே இல்லை. யாரையும் நோகடிக்காமல் முடித்துவைத்த கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன். நொந்தவள் ஒருத்தி ஏற்கெனவே இருந்தாள்.

மறுநாள் அவள் மேனேஜர் அறைக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன்.

"செஞ்சது தப்புன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லணும் சார்."

"அதான் மொதலாளியே மாத்திட்டாருல்ல, இன்னும் என்ன?"

"அவரு மாத்துனாரு. நீங்க சொல்லலயே."

அவர் போனை எடுத்து எண்களைச் சுழற்ற ஆரம்பித்தார். அவள் திரும்பி வெளியே வந்தாள்.

அதன்பிறகு அவர் அவளிடம் நேரே பேசியதில்லை. வேலை சொல்வதென்றால் மேஸ்திரியை அனுப்புவார். கல்யாணமாகிக் கரூருக்குப் போகும்வரை அவள் அதே மிஷினில்தான் நின்றாள். இருமல் மட்டும் முழுசாக விடவில்லை.