ஒரே கொடியில் இரண்டு சட்டைகள்

டத்தோ கிராமாட் அடுக்குமாடியின் ஐந்தாவது தளத்தில், ஒரே கொடியில் ஒரு நீலச் சட்டையும் ஒரு பச்சைச் சட்டையும் காயும். நீலத்தின் நெஞ்சில் டோர்வின் என்ற பெயர். பச்சையில் ஹால்கிரீன். கோல்ப் மட்டை, தொப்பி, காலணி, காற்சட்டை என எதிலும் ஒன்றை ஒன்று கீழே தள்ளப் பார்க்கும் இரண்டு கம்பெனிகள்.

நீலச் சட்டை காமினியுடையது. பச்சை அவள் கணவன் கோகுலனுடையது. ஜார்ஜ் டவுன் பேரங்காடி ஒன்றின் மூன்றாம் மாடியில், விளையாட்டுப் பொருள் கடைக்குள், எட்டடி இடைவெளியில் எதிரும் புதிருமாக நின்று விற்பவர்கள் அவர்கள். இருவரும் கணவன் மனைவி என்பது அந்தக் கடையில் ஒருவருக்கும் தெரியாது!

தம்பிகள் இருவரைப் படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்து நிமிர்ந்தபோது காமினிக்கு நாற்பத்தைந்து வயதாகியிருந்தது. கோகுலன் மனைவியை இழந்து எட்டு ஆண்டுகள் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டவர். அப்போது ஒருநாள் கடையிலிருந்து காய்ச்சலில் தள்ளாடி காமினி கிளினிக்குக்குப் போயிருந்தாள். அவளுடைய பழைய வாடிக்கையாளர் ஒருவர் காலணி வாங்க வந்தார். கோகுலன் நினைத்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் ஹால்கிரீன் காலணியை அவர் காலில் மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "அந்த அக்கா இப்ப வந்துருவாங்க" என்று அரை மணி நேரம் அவரைப் பிடித்து வைத்திருந்தார். திரும்பி வந்து அதைப் பார்த்த காமினிக்குக் காய்ச்சலோடு வேறு ஏதோவும் ஏறிக்கொண்டது.

தண்ணீர்மலை முருகன் முன்னால், தம்பிகளை மட்டும் வைத்துக்கொண்டு தாலி கட்டினார்கள். போட்டிக் கம்பெனியில் குடும்பத்தார் வேலை செய்தால் சொல்லிவிட வேண்டும், ஒருவர் வேறு இடத்துக்கு மாற வேண்டும். இருவரின் வேலைக் கடிதத்திலும் இருந்த விதி இது. தீபாவளி முடியட்டும், சொல்லிவிடலாம் என்றார்கள். சீனப் புத்தாண்டு விற்பனை முடியட்டும் என்றார்கள். எட்டடி தூரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் சுகத்தை விட இருவருக்குமே மனம் வரவில்லை. பதினான்கு மாதங்கள் ஓடிவிட்டன. தாலி நீலக் காலருக்குள் ஒளிந்திருந்தது.

"என்னண்ணே, இன்னிக்கும் ஈ ஓட்டுறீங்களா?" என்பாள் கடையில்.

"அந்த ஈ கூட உங்க பக்கம் வரமாட்டேங்குதே அக்கா!" என்பார் அவர். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். காமினி காலணிப் பெட்டிகளுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வருவாள். வீட்டில் மட்டும் கடைப் பேச்சே கிடையாது. அவர் பையை அவள் திறக்கமாட்டாள், அவள் பையை அவர் தொடமாட்டார்.

அப்படிப்பட்ட வீட்டின் தலையில்தான் இடி விழுந்தது. அடுத்த மாதத்திலிருந்து கோல்புக்கு ஒரே ஒரு கம்பெனிக்குத்தான் இடம் என்று கடைக்காரர்கள் அறிவித்துவிட்டார்கள். வரப்போகும் நான்கு நாள் மலிவு விற்பனையில் யார் அதிகம் விற்கிறார்களோ அவர்கள் நிற்கலாம். தோற்றவரின் மூலை மூடப்படும். அந்த மூலையில் நிற்பவரின் வேலையும் போய்விடும்.

டோர்வின் சூப்பர்வைசர் ஷாஹிரா, காமினியை ஓரமாக அழைத்தாள். வயதில் இளையவள், கெட்டிக்காரி.

"காமினிக்கா, ஹால்கிரீன் என்ன ஃப்ரீயா குடுக்கப் போறாங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும், நம்ம அதுக்கு மேல ஒண்ணு குடுத்துரலாம். அந்த கோகுலன் அண்ணன்கிட்ட நைசா பேச்சுக் குடுங்கலா. உங்களைப் பாத்தா மட்டும் பல்லெல்லாம் தெரியுது அவருக்கு. வேலை போகாம இருக்க வேற வழி இல்லக்கா."

ஷாஹிராவுக்கு வேண்டிய தகவல் காமினியின் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில், ஆணியில் மாட்டிய கோகுலனின் பையில் தொங்குகிறதே!

அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது கோகுலன் குளித்துக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு தாள். ஹால்கிரீன் முத்திரை போட்ட, மலிவு விற்பனை இலவசங்களின் பட்டியல். மடிப்பு நீவி விரித்து, காற்றில் பறக்காமலிருக்க அவளுடைய காப்பிக் கோப்பையையே அதன் மேல் வைத்திருந்தார்.

மறந்து வைத்த தாள் அப்படியா இருக்கும்? தான் தோற்று அவளை ஜெயிக்க வைக்கப் பார்க்கிறார் இந்த மனிதர். ஒரு எழுத்தையும் படிக்காமல் தாளைக் கவிழ்த்துப் போட்டாள்.

தலையைத் துவட்டியபடி வந்தார் கோகுலன். "பாத்தியா?"

"பாக்கல."

"பாருலா, காமினி. பதினெட்டு வருஷமா அங்க நிக்கிற. எனக்கு என்ன, பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி பஸ் ஓட்டிப் பொழைச்சுக்குவேன்."

"அந்த முட்டி வலியை வச்சுக்கிட்டு? பிரேக்கை மிதிக்க ஆள் கூட்டிட்டுப் போவீங்களா?"

அவர் சிரித்தார். அவள் அழுதுவிட்டாள். "எனக்காக நீங்க துரோகம் பண்ணவேணாங்க. நாளைக்கு உங்க ஆளுங்க மூஞ்சியை எப்படிப் பாப்பீங்க? அதைத் தாங்குற மனசா உங்களுக்கு?"

கோகுலன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் ஷாஹிரா ஆவலோடு வந்தாள். "என்னக்கா, வாயைத் திறந்தாரா?"

காமினி காலருக்குள் விரலை விட்டுத் தாலியை வெளியே எடுத்து, நீலச் சட்டையின் மேல் விட்டாள். "அவரு என் வீட்டுக்காரரு மேடம். அவர்கிட்ட வேவு பாக்க என்னால முடியாது."

ஷாஹிரா பக்கத்திலிருந்த பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லா! அப்ப அண்ணே அண்ணேன்னு கூப்பிட்டதெல்லாம்?"

"அது வியாபாரம், மேடம்."

சிரிப்பு வந்தது ஷாஹிராவுக்கு. பிறகு முகம் மாறியது. "ஒருத்தர் இங்கேர்ந்து போகணுமேக்கா."

"நான் போறேன்."

அன்றே கோகுலனும் தன் கம்பெனியிடம் கல்யாணத்தைச் சொல்லி, எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டார். மலிவு விற்பனையில் டோர்வின் சார்பாக வேறொரு பெண் நின்றாள். ஹால்கிரீன்தான் ஜெயித்தது. நீல மூலையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கம்பெனியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிய ஷாஹிரா, பாயான் லெப்பாஸ் பக்கம் கோல்ப் பயிற்சித் திடல் ஒன்றில் டோர்வின் வைத்திருந்த சின்னக் கடையில் காமினிக்கு இடம் வாங்கிக் கொடுத்தாள். ஒரே ஒரு அலமாரி. வாரத்தில் நான்கு நாள் வேலை. முன்னே வாங்கியதில் பாதிச் சம்பளம். முதல் வாரம் முழுக்கக் காமினி அடிக்கடி எதிரே பார்த்தாள். அங்கே வெறும் புல்தான் இருந்தது.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை, பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய, பெயர் எதுவும் போடாத சட்டையில் ஒருவர் நொண்டி நொண்டி வந்து நின்றார்.

"கையுறை ஒண்ணு வேணும். வெளிய நின்னு பந்து அடிச்சதே இல்ல. இத்தனை வருஷம் வித்ததுதான் மிச்சம்."

"எங்களதைப் போட்டா உங்க கம்பெனி கோவிச்சுக்காதா?"

"இன்னிக்கு லீவு. இன்னிக்கு இது என் கை."

காமினி அவருடைய இடது கையை வாங்கினாள். ஒவ்வொரு விரலாக நுழைத்து, இடுக்குகளை அழுத்தி, மணிக்கட்டுப் பட்டையை ஒட்டி, சரியில்லை என்று பிரித்து மறுபடி ஒட்டினாள். பின்னால் காத்திருந்த சீனப் பெரியவர் இருமினார். அவள் அவசரப்படவில்லை.