பதினான்காம் கேள்வி, நான்காம் கட்டம்

ஒரு விடுகதை. நன்றாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. செய்யாமல் விட்டால்தான் ஊர் முழுக்கத் தெரியும். அது என்ன வேலை?

யோசித்துக்கொண்டே படியுங்கள். மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்த கையோடு, ஓராண்டு பொதுச் சுகாதாரப் பயிற்சிக்கு என்னைக் கொல்லிமலைக்கு அனுப்பினார்கள். கத்தி பிடிக்கப் பழகிய கையில் பேனாவையும் படிவத்தையும் கொடுத்தார்கள். பட்டம் வாங்கிய பிறகும் மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார்த்தி வைக்கப்பட்டவர் நீங்கள் என்றால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

நாற்பத்து மூன்றாவது வளைவு

அடிவாரத்திலிருந்து மலைமேல் உள்ள சோளக்காடு ஊருக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. எண்ணிக்கொண்டே போகலாம் என்று உற்சாகமாகத்தான் பஸ்ஸில் ஏறினேன். நாற்பத்து மூன்றில் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். அதற்குப் பிறகு எந்தப் பலகையையும் பார்க்கவில்லை.

பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தார். பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்து, என்ன வேலை என்று விசாரித்தார். பிரசவ டாக்டர் என்றேன். முகம் துடைக்கத் துண்டை நீட்டிக்கொண்டே அவர் சொன்னது: "நல்லதாப் போச்சுங்க சாமி. இடுப்பு வலியோட இதே ரோட்டுல எறங்குறவ பாட்ட இனி உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லீங்க."

படிவத்தில் ஒரு கேள்வி

முதல் வேலை, மலையின் ஒரு பகுதியான ஆலத்தூர் நாட்டுச் சிற்றூர்களில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவது. உடன் வந்தவர் கிராமச் செவிலியர் மல்லிகா. அவருக்கும் என் வயதுதான். நான் மூச்சு வாங்கும் மேட்டில் அவர் போன் பேசிக்கொண்டே ஏறுவார்.

படிவத்தின் பதினான்காம் கேள்வி: பிரசவம் எங்கே என்று முடிவெடுப்பவர் யார்? கீழே நான்கு கட்டங்கள். கணவர், மாமியார், தானே, மற்றவர். ஒரு வீட்டில் கணவரைக் கேட்டேன், அம்மாவைக் காட்டினார். அம்மா மகனைக் காட்டினார். மருமகள் சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான்காம் கட்டத்தை மட்டும் யாருமே தொடவில்லை. அடுத்த காட்டில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த பெண் இதையெல்லாம் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்: "டாக்டரம்மா, நீங்க கேக்கறப்ப ஆளாளுக்கு முடிவெடுப்பாங்க. வலி வந்துட்டா ஜீப்புக்காரன்தானுங்க முடிவெடுப்பான்."

சிவப்புத் தேதி

நாங்கள் போன வீடுகளில் ஒன்று பழனியம்மாவுடையது. அவருக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை சிசேரியன். இப்படிப்பட்டவருக்கு வீட்டிலேயே வலி கண்டால், பழைய தையல் உள்ளே பிரிந்துவிடக்கூடும். பிரிந்தால் தாயும் பிள்ளையும் பிழைப்பது அரிது. அதனால் இரண்டு வாரம் முன்பே மலையிறங்கி, கீழே உள்ள மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் தங்க வேண்டும். எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிரசவ நாளை அட்டையில் சிவப்புப் பேனாவால் எழுதி, வட்டமும் போட்டுக் கொடுத்தேன்.

மறு வாரம் போய், எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன். அட்டையை எடுத்து வந்து சிவப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்தார். அன்றைக்குக் காலை முதல் பஸ்ஸாம்! எந்த நாள்வரை காத்திருக்கவே கூடாதோ, அந்த நாளைத்தான் நான் பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தேன். அதை அடித்துவிட்டு, கிளம்ப வேண்டிய நாளை எழுதினேன். பழனியம்மா என்மேல் பரிதாபப்பட்டார் போலிருக்கிறது: "நீங்க வட்டம் போட்டதால, வயித்துல இருக்கறதுக்கும் தேதியச் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேனுங்க."

கட்டிலும் பாயும்

தேதி சரியானது. ஆனால் பழனியம்மா கிளம்புவதாக இல்லை. காரணம் மூன்றாவது தடவை போனபோதுதான் வெளியே வந்தது. கணவர் போர்வெல் வண்டியோடு வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போயிருக்கிறார், இப்போதைக்கு வரமாட்டார். துணைக்கு நாத்தனார் வருவார். ஆனால் ஆறு வயது மகள் கனிகாவை என்ன செய்வது? பக்கத்து வீட்டுப் பெரியம்மா சோறு போடுவார். ஆனால் அம்மா இல்லாமல் அவள் தூங்க மாட்டாள். காத்திருப்பு அறையிலோ தாய்க்கும் துணைக்கு ஒருவருக்கும்தான் இடம்.

குழந்தைக்கு ஒரு கட்டில் வேண்டி மருத்துவமனைக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. நாட்கள் போய்க்கொண்டிருந்தன. மல்லிகா போனை எடுத்து அந்த வார்டு சிஸ்டரிடம், "அக்கா, ஓரமா ஒரு பாய் போட்டுக்கறோம்" என்றார். "சரி, வா" என்று பதில் வந்தது. நான் வாயைப் பிளந்ததைப் பார்த்து மல்லிகா சொன்னார்: "கட்டில்னா பைல் போடணும் மேடம். பாய்னா நாலு பேரு நகந்து படுத்தாப் போதும்."

ஆட்டுக்குட்டி வரலாமா?

இடமும் கிடைத்தாயிற்று என்று போய்ச் சொன்னேன். பழனியம்மா முற்றத்தைக் காட்டினார். "பாப்பாவக் கேளுங்க. அவ வாரேன்னா நானும் வாரேன். அவள அழுவ உட்டுட்டும் போவ மாட்டேன், அழுவ அழுவ இழுத்துட்டும் போவ மாட்டேனுங்க."

அங்கே கனிகா ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தாயில்லாத குட்டி. அவள் கையில் மட்டும்தான் குடிக்குமாம். நான் அவள் முன் குந்தி உட்கார்ந்தேன். ஊஞ்சல் இருக்கிறது, டிவி இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்கவில்லை.

"இதக் கூட்டிட்டு வரலாமா?"

"முடியாது கண்ணு."

"அம்மா வயித்த அறுப்பீங்களா?"

மல்லிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா. வலி தெரியாம மருந்து போட்டுட்டு. அப்புறம் தைச்சிடுவோம்" என்றேன்.

"இங்கயே இருந்தா?"

"உள்ள பழைய தையல் பிரிஞ்சிடலாம். அப்போ அம்மாவக் கீழ கொண்டுபோக நேரம் இருக்காது."

புட்டி காலியாகும்வரை அவள் அதைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். பிறகு குட்டியின் வாயைப் பாவாடையால் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "யோசிச்சு நாளைக்குச் சொல்றேன். நீங்க போங்க."

பயிற்சி முடிவில் ஒரு வெற்றிக் கதை எழுதித் தரச் சொன்னார்கள். பழனியம்மா காத்திருப்பு அறையில் பதினொரு நாள் இருந்தார், அங்கேயே வலி வந்தது, நடந்தே அறுவை அறைக்குப் போனார், பெண் குழந்தை, இருவரும் நலம் என்று எழுதினேன். எங்கள் பேராசிரியர் படித்துவிட்டு, "இதில் என்னம்மா நடந்தது?" என்றார். "ஒன்றும் நடக்கவில்லை சார்" என்றேன். விடுகதைக்கு விடை அந்த வேலைதான்: வருமுன் காப்பது.

அவர் பக்கத்தைத் திருப்பினார்; பின்னால் பழனியம்மாவின் படிவத்தை இணைத்திருந்தேன். ஓராண்டில் நான் தப்பில்லாமல் நிரப்பிய ஒரே கட்டம், பதினான்காம் கேள்வியின் நான்காம் கட்டம், அங்கே இருந்தது: மற்றவர், மகள் கனிகா, வயது ஆறு, ஆட்டுக்குட்டியைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு அம்மாவுடன் கீழே போவதாக முடிவு செய்தாள்.