சிவகாமி மதினியின் கைராசி

சிவகாமி மதினி தவறிவிட்டார் என்று போடியிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, பெரியகுளத்தில் நான் காப்பிக்கொட்டைதான் வறுத்துக்கொண்டிருந்தேன். சட்டியை அப்படியே இறக்கிவைத்துவிட்டு பஸ் பிடித்தேன். வழியெல்லாம் அழுதேன். ஆனால் அந்த வீட்டு வாசலில் காதில் விழுந்த பேச்சு என் கண்ணீரை வற்றவைத்துவிட்டது.

மதினியுடைய கணவரின் அண்ணன், குடும்பத்துக் காப்பிக்கொட்டைக் கடையையும் வீட்டையும் ஆள்பவர், துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் தாயத்துக் கட்டிவிட்ட பெறகுதான்யா அதுக்குக் கைராசியே வந்துச்சு. அதுக்கு முன்னாடி அது வறுத்த காப்பிய மனுசன் குடிப்பானா?"

அடப்பாவி மனிதா! பிணத்தை எடுக்கும் முன்பே இப்படி ஒரு பேச்சா? மதினியின் கையால் காப்பி குடித்தவர்களே, நடந்ததைக் கேளுங்கள்.

உயரத்தில் விளையும் மேல்மலைக் கொட்டையையும் தாழ்ந்த சரிவில் விளையும் கீழ்மலைக் கொட்டையையும் பச்சையாகவே கலந்து மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்புவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். 'எங்க கலப்பு' என்று அண்ணன் மார்தட்டுவார். அதை மதினி எத்தனை பக்குவமாக வறுத்தாலும் பாதி கரிந்திருக்கும், பாதி வெளுத்திருக்கும். விறகைக் குறைத்தார், சட்டியை மாற்றினார், கை ஓயக் கிளறினார். பலனில்லை. அண்ணனின் மூட்டையைக் குறை சொல்ல அங்கே யாருக்கு வாய் வரும்? கைராசி கெட்டவள் என்று மதினிக்குப் பேர் வைத்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தி, பெற்ற மகளின் நிச்சயதார்த்தத்துக்கே அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்றார்கள். கணவரும் அண்ணன் சொன்னதற்கே தலையாட்டினார். மதினி அழுது மன்றாடிய பிறகு, தாயத்துக் கட்டிக்கொண்டால் வறுக்கலாம் என்று அண்ணன் இறங்கிவந்தார்.

நான் அப்போது பக்கத்து வீட்டில் குடியிருந்தேன். நிச்சயத்துக்கு முந்தின நாள் போனபோது, மதினி வறுத்த கொட்டைகளைப் பிரித்துவைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கன பாரு தாயி. கருகுனது பூராம் கீழ்மலைக் கொட்டை. இளக்கமானது, வெரசா வெந்துருது. மேல்மலையது கல்லு மாதிரி, சூடேற நேரமாகும். ரெண்டையும் ஒரே சட்டியில போட்டா என் கை என்ன செய்யும்?"

பச்சைக் கொட்டையை நிறம் பார்த்து முறத்தில் இருவரும் பிரித்தோம். தனித்தனியாக வறுத்து, ஆறிய பிறகு கலந்தார். எல்லாம் ஒரே நிறமாக வந்திருந்தது.

மறுநாள் சம்பந்தி வீட்டார் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். "எல்லாம் தாயத்து மகிமை" என்று அண்ணன் சபையில் சொன்னார். சபை கலைந்ததும் மதினியைத் தனியே பிடித்தேன். "ஏன் மதினி சும்மா இருந்தீக?" என்று பொரிந்தேன்.

"மக நிச்சயத்துல சண்டை எதுக்கு? இன்னொரு டம்ளர் கேட்டாகல்ல, அது போதும். தாயத்து என் கையிலயா இருக்கு? உள்ள போயிப் பாரு."

கலந்த மூட்டையின் வாயில் அதைக் கட்டியிருந்தார்.

"சீக்கு எங்கன இருக்கோ அங்கனதான கட்டணும்?"

இதைத்தான் துக்க வீட்டில் அத்தனை பேர் கேட்க உரக்கச் சொன்னேன். "எழவு வீட்டுல என்ன பேச்சு இது?" என்று அண்ணன் அதட்டினார். மதினியின் மகள் எழுந்து உள்ளே போனாள். மூட்டை மாறும்போதெல்லாம் அவள் அம்மா அவிழ்த்து அடுத்த மூட்டைக்குக் கட்டிவந்த கறுப்புக் கயிற்றைத் தாயத்தோடு கொண்டுவந்து பெரியப்பாவின் மடியில் வைத்தாள்.

"எங்கம்மா கையில இது ஒருநாளும் இருந்ததில்ல பெரியப்பா. நீங்களே வச்சுக்கிருங்க."

என் அலமாரியில் மேல்மலைக்கு ஒரு டப்பா, கீழ்மலைக்கு ஒரு டப்பா. மதினி எனக்கு விட்டுப்போன வழக்கம் அது. அவருடைய பொறுமை மட்டும் எனக்கு வரவில்லை, வரவும் வேண்டாம்.