பூ முடியட்டும்

அந்தத் தெருவில் தையல்கார அக்கா வீட்டுக்குப் பூ வீடு என்று பெயர். முன்னறை ஜன்னலை ஒட்டி ஒரு காகிதப்பூச் செடி. செடி என்று சொல்வதெல்லாம் மரியாதைக்குத்தான். அடித்தண்டு ஒவ்வொன்றும் ஆள் தொடை கனம், உயரம் கூரை மட்டம், உடம்பெல்லாம் முள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அந்தப் பெருமை முழுவதும் அக்காவின் வீட்டுக்காரருக்கு.

அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். ஒரு வண்டி இரண்டு நிமிஷம் பிந்தினால் டிரைவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். தெருவில் நடப்பவர்கள் மேல் ஒரு நுனி பட்டாலும் ஓடிப்போய்க் கத்தரித்துவிடுவார். வீட்டுப் பக்கம் மட்டும் கை வைத்ததே இல்லை. வருஷக்கணக்கில் ஒரு பக்கமே வெட்டினால் செடி என்ன செய்யும்? பாரமெல்லாம் இந்தப் பக்கம் சேர்ந்து, வீட்டின் மேலேயே சாய்ந்துவிட்டது. இரும்புக் குழாய் ஒன்றால் முட்டுக் கொடுத்தார். பிறகு ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினார். அத்தோடு முன்னறையில் பகல் என்பது இல்லாமல் போயிற்று.

அக்காவின் தையல் மிஷின் அந்த ஜன்னலடியில்தான் இருந்தது. வேறு எங்கும் போட இடமில்லை. உள்ளறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். வாசலில் போட்டால் ஆள் போக வழியில்லை. காலை பத்து மணிக்கே பல்பைப் போட்டுக்கொண்டு தைத்தாள். கொஞ்சம் வெட்டுங்களேன் என்று முதலில் சொன்னாள், பிறகு கெஞ்சினாள், பிறகு சண்டை போட்டாள். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஒவ்வொரு தடவையும் அவரிடம் ஒரே பதில் தயாராக இருந்தது.

"பூ முடியட்டும், வெட்டிடலாம்."

பூத்திருக்கும் செடியில் கத்தி வைக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். காகிதப்பூவோ முடிகிற பூ இல்லை. இந்தக் கிளையில் உதிர்ந்தால் அந்தக் கிளையில் சிவக்கும். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அக்காவே கத்திரிக்கோலை எடுத்து ஜன்னலை மறைத்த ஒரு கொப்பை வெட்டினாள். கையெல்லாம் முள் கிழித்தது. அவர் ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. அதற்கப்புறம் அவள் செடியைத் தொடவில்லை. இப்படியே பதினோரு வருஷம் போயிற்று.

பதினெட்டு வருஷமாக அவளுக்கு வேலை கொடுத்து வந்தவர் பள்ளிச் சீருடைக் கடைக்காரர். துணியைக் கடையிலேயே வெட்டிக் கட்டுக் கட்டாக அனுப்புவார். அந்த முறை இரண்டு பள்ளிகளின் கோட்டுகள் ஒன்றாக வந்தன. ஒன்று கறுப்பு, இன்னொன்று கருநீலம். பல்பு வெளிச்சத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எப்போதும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துவைத்துவிட்டுத்தான் உட்காருவாள். அன்றைக்கு மழை, அவசரம் வேறு. பன்னிரண்டு கறுப்புக் கோட்டுகளுக்கும் கருநீலக் கையை வைத்துத் தைத்துவிட்டாள். தையலில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவு சுத்தம்.

கடைக்காரர் கோட்டை வெயிலில் விரித்துப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

"கண்ணை ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா. வயசாகுதில்ல," என்றார்.

காட்டினாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அதைப் போய்க் கடைக்காரரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கண் சரியாக இருக்கிறதென்றால் வேறென்ன காரணம் என்று கேட்பார்; வீட்டு வாசலில் இருக்கும் செடியை என்னால் வெட்டவைக்க முடியவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? அடுத்த மாதம் துணிக்கட்டு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. ஆறு மாதம் கழித்து, சும்மாதானே கிடக்கிறது என்று வீட்டுக்காரர் மிஷினைத் தன் தங்கை மகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவள் தடுக்கவில்லை.

போன வாரம் டிப்போவுக்குப் புதிதாக வந்த மேனேஜர் வீட்டுக்கு வந்தார். படியேறும்போது தொங்கிய கொப்பில் சட்டைக் கை மாட்டி, ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்தது. மனிதர் நல்லவர், சிரித்துக்கொண்டே, இதை வெட்டக் கூடாதா என்று கேட்டார். ஒரே ஒரு தடவைதான் கேட்டார். கிழிந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக்காரரின் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.

மறுநாள் விடிந்ததும் வீட்டுக்காரர் தச்சரிடம் ரம்பம் வாங்கி வந்தார். சாய்ந்திருந்த மூன்று கிழட்டுத் தண்டுகளை அடியோடு அறுத்தார். மீதியைப் பாதியாகக் குறைத்தார், கயிற்றை அவிழ்த்தார், முட்டுக் குழாயை எடுத்தார். செடி தானாகவே நிமிர்ந்து நின்றது. மொத்தம் முக்கால் மணி நேர வேலை. தரை முழுக்கப் பூ.

உள்ளே வந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். வெயில் எதிர்ச்சுவர் வரைக்கும் விழுந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே கண் நன்றாகத்தான் இருந்தது. மேனேஜரின் சட்டையை அவள் மடியில் போட்டார்.

"வெளிச்சம் எப்படி வருது பாரு. இதைக் கையாலயே தைச்சுக் குடுத்துடு."

அவள் சட்டையை எடுக்கவில்லை.

"பதினோரு வருஷமா நான் சொன்னேன். அவர் ஒருதடவைதானே சொன்னாரு?"

அவர் நிஜமாகவே குழம்பிப்போனார். இதில் என்ன கேள்வி இருக்கிறது என்பதுபோல அவளைப் பார்த்தார். பிறகு, சமாதானம் சொல்கிற குரலில், கொஞ்சம் பிரியமாகக்கூடச் சொன்னார்.

"அவரு வெளியாளு. நீ நம்ம வீட்டு ஆளுதானே?"