வலப்பக்கம் வெட்டிய குழி

கிளப்பில் அவருக்குப் பெயரே குழிக்காரர்தான். புதிதாகக் கேட்கிறவர்கள் ஏதோ இடுகாட்டு உத்தியோகம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் திருத்தமாட்டார்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் வெட்டிவந்தது கோல்ஃப் பந்து விழும் குழி. ஒரே குழியில் தினமும் ஆடினால் சுற்றியுள்ள புல் மிதிபட்டுச் செத்துவிடும். அதனால் விடிந்ததும் வேறோர் இடத்தில் குழி வெட்டும் இரும்புக் குழாயை அழுத்தித் திருகி மண்ணை உருவுவார். அந்த மண்ணாலேயே நேற்றைய குழியை மூடுவார். இடம், நடு, வலம் என்று முறை உண்டு. இந்த ஊரில் இந்த ஆட்டத்துக்கு விதிமுறை வகுத்ததே அந்தப் பழைய கிளப்தான். முறை என்றால் அங்கே எல்லோருக்கும் உயிர்.

அவர் மகள் அங்கேயே ஆடக் கற்றவள். கிளப்பின் மிகப் பழைய கோப்பைக்கான போட்டி அது. குறைந்த அடிகளில் முடிப்பவருக்கு வெற்றி. கடைசி நாளுக்குள் நுழையும்போது அவள்தான் முன்னிலை. ஜெயித்தால் வெளிநாட்டுப் போட்டிகளுக்குக் கிளப்பே அனுப்பும். தோற்றால் பழையபடி துணிக்கடை வேலை.

அன்று மைதானத்தின் பதினெட்டுக் குழிகளில் கடைசிக் குழி இடப்பக்கம் வரவேண்டிய முறை. அவள் அடிக்கும் பந்து இடப்பக்கமாகத்தான் வளைந்து இறங்கும் என்பது மைதானத்துக்கே தெரியும். குழிக்காரர் குழாயோடு நின்று யோசித்தார். அப்பன் மகளுக்குப் பார்த்து வெட்டினான் என்று நாலு பேர் பேசமாட்டார்களா? மனிதர் வலப்பக்கம் போய், மணல் பள்ளத்துக்குப் பின்னால் குழாயைத் திருகினார். ஊர்வாய்க்குப் பயந்து செய்கிற காரியத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொள்வது எவ்வளவு சுலபம்.

மாலையில் அவள் பந்து அந்த மணலில் விழுந்தது. வெளியே எடுக்க இரண்டு அடி கூடுதலாயிற்று. ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் கோப்பை கைவிட்டுப் போனது.

"முறை மாறினாலும் பரவாயில்ல, பெத்த பொண்ணுன்னுகூடப் பாக்கல. நீங்க பெரிய மனுஷன்" என்று கிளப் செயலாளர் தோளில் தட்டினார். குழிக்காரருக்கு உச்சி குளிர்ந்தது, அதை மறைப்பானேன்.

வீட்டில் மகள் ஷூவில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எந்தப் பக்கம்பா முறை?"

"இடப்பக்கம்."

"வேற யார் பொண்ணாவது முன்னாடி இருந்திருந்தா எங்க வெட்டியிருப்பீங்க?"

அவருக்குப் பொய் வரவில்லை. "இடப்பக்கந்தாம்மா."

"அப்ப எல்லாருக்கும் கெடைக்கிற நியாயம் எனக்கு மட்டும் கெடைக்கல."

அவள் அழுதிருந்தால் எப்படியாவது தேற்றியிருப்பார். அவள் ஷூவைத் துடைத்து மூலையில் வைத்தாள். காலையில் கடைக்குப் போகவேண்டும், எழுப்பிவிடுங்கள் என்றாள்.