கிளட்ச் கால்

எங்கள் வீட்டில் அப்பாவை மிதிக்கும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. அம்மா ஏறினால் எலும்பு நொறுங்கிவிடும் என்பார். தம்பி ஏறினால் கோழி நடப்பது போல் இருக்கிறது என்று இறக்கிவிடுவார். ஒன்பது வயதில் என் எடைதான் அவர் முதுகுக்கு அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தியது. லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, "பாப்பா, வந்து மிதி" என்று கூப்பிடுவார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் தொடங்கி, கெண்டைக்கால், தொடை, இடுப்பு என்று ஏறிப் போவேன். இடுப்பில் ஓர் இடம் உண்டு. அங்கே கால் வைத்ததும் அவரிடமிருந்து ஒரு சத்தம் வரும். அது வலியா, சுகமா என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. அங்கேயே கொஞ்ச நேரம் நில் என்பார். நிற்பேன். வகுப்பில் வேறு எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத பதவி என்று எனக்குக் கர்வம் வேறு.

அப்பா மரக்காணத்தில் உப்பு லாரி ஓட்டினார். உப்பளத்து மேட்டிலிருந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மேற்கே தோல் பதனிடும் ஊர்களுக்குப் போய் இறக்கிவிட்டு, வெறும் வண்டியோடு திரும்புவார். நான் சொல்வது சுனாமிக்கு அடுத்த கோடை. சேறு புகுந்த பாத்திகளை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டு, விட்டதைப் பிடிக்கவேண்டும் என்று முதலாளிகள் லாரிகளை நிற்கவிடாமல் விரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நடை முடிந்து வந்து அப்பா ஆறு மணி நேரம் தூங்கினார் என்றால் அது எங்கள் வீட்டில் விசேஷம்.

லாரி ஓட்டுவது என்றால் உட்கார்ந்தபடியே போய் வருவதுதானே என்று எங்கள் தெருவில் பலருக்கும் நினைப்பு. அம்மாவின் தம்பி அதே மேட்டில் மூட்டை தூக்கினார். அந்த மாமாவே, "மச்சானுக்கு இன்னா, சீட்ல குந்திக்கினு ஊரு சுத்துறாரு" என்று கேலி செய்வார். அப்பா சட்டையைக் கழற்றிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஜன்னலோரம் வெயில் தின்ற வலது கை மட்டும் வேறு யாருடைய கையையோ ஒட்டவைத்தது போல் கருத்திருக்கும். ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி ஒரு பக்கத் தோள் ஏறிப்போயிருக்கும். பக்கத்திலேயே இன்ஜின் கொதிப்பதால் இடது தொடையில் எந்நேரமும் வேனல் கட்டி. வழியில் நிறுத்தவேண்டி வரும் என்று தண்ணீர் குடிக்கமாட்டார். அதனால் கொல்லைக்குப் போனால் அங்கிருந்து முனகல் கேட்கும். தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்துக் கட்டிக் காய்த்துப்போன உள்ளங்கையில் உப்பு இறங்கி, வெடிப்பு வெடிப்பாக இருக்கும்.

எல்லாவற்றையும் விடக் கிளட்ச்தான் பெரிய பாடு. வண்டி பழையது. "நம்ம வீட்டு அம்மிக்கல்லக் காலால தள்ளிப் பாரு, அதான் கிளட்ச். ஒரு நாளைக்கு ஆயிரம் வாட்டி தள்ளணும்" என்பார். இடது காலுக்கு அவர் வைத்திருந்த பெயரே கிளட்ச் கால். வண்டியோடு வந்த உதிரிபாகம் போல அதைத் தனியாக வைத்துத்தான் பேசுவார். கிளட்ச் கால் இன்றைக்கு மக்கர் பண்ணுகிறது, கிளட்ச் காலுக்குக் கொஞ்சம் எண்ணெய் தடவு என்று.

அந்தக் கோடையில் கிளட்ச் காலால் எங்களுக்கு ஒரு விளையாட்டும் கிடைத்தது. அப்பா நடந்து போகும்போது இடது காலின் செருப்பு தானாகக் கழன்று பின்னால் கிடக்கும். அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார். நானும் தம்பியும் அதை எடுத்து ஒளித்துவைப்போம். ஒரு தடவை கடைக்குப் போய் பீடி வாங்கிக்கொண்டு வீடு வந்து சேரும்வரை ஒற்றைச் செருப்போடு நடந்திருக்கிறார். கொதிக்கிற தார் ரோட்டில்! "உங்கப்பனுக்கு நெனப்பு பூரா ஸ்டியரிங்ல இருக்குது" என்று அம்மா திட்டினாள். நாங்கள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டோம்.

உப்பு விளையும் ஊரில் வலிக்கு மருந்தும் உப்புதான். கல் உப்பைப் படபடவென்று வெடிக்கும்வரை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து அம்மா ஒத்தடம் கொடுப்பாள். ஒவ்வொரு முறையும் முடிச்சை முதலில் தன் புறங்கையில் வைத்துப் பார்த்துக்கொள்வாள். சாமிக்குக் கற்பூரம் காட்டிவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்களே, அந்த மாதிரி ஏதோ ஒரு முறை என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை, பத்து மணி இருக்கும். அம்மா உப்பு வாரப் போயிருந்தாள். தம்பி தெருவில் கிடந்தான். விடிந்ததும் வந்து சேர்ந்த அப்பா தூக்கம் பிடிக்காமல் குப்புறப் படுத்தபடி எனக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். வழியில் ஒரு டீக்கடையில் குரங்கு ஒன்று இன்னொரு டிரைவரின் லுங்கியை உருவிக்கொண்டு புளியமரத்தில் ஏறிவிட்ட கதை. மிதித்து முடித்த கையோடு, இன்றைக்கு ஒத்தடமும் நாமே கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. ஸ்டவ் பக்கம் போகக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அப்பா சுவர்ப் பக்கம் முகத்தை வைத்திருந்தார். நான் உப்பை வறுத்தேன், முடிந்தேன், கொண்டுவந்து அவருடைய இடது கெண்டைக்காலின் வெளிப்பக்கம் அழுத்தி வைத்தேன்.

அப்பா கதையை நிறுத்தவில்லை. லுங்கி போனவர் ஒரு சாக்கைச் சுற்றிக்கொண்டு லாரியில் ஏறிவிட்டார். நான் சிரித்துக்கொண்டே இன்னும் அழுத்தினேன். குரங்குக்குப் பன் வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். அப்போதுதான் ஏதோ கருகுகிற வாசனை வந்தது. முடிச்சை எடுத்தால் தோல் அதோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே வெளுப்பும் சிவப்புமாக இருந்தது. நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன்.

"இன்னாடி, குரங்குக்கா அழுவுற?" என்று திரும்பிய அப்பா, நான் கைகாட்டிய இடத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பக்கத்துத் தோலை விரலால் அழுத்தினார், கிள்ளினார். பிறகு என் கையிலிருந்த முடிச்சை வாங்கி, தன் வலது காலில் வைத்தார். "ஆ!" என்று துள்ளிக் காலை இழுத்துக்கொண்டார். என் அழுகையை நிறுத்தத்தான் வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் அந்தக் குரங்குக் கதையை அவர் முடிக்கவே இல்லை.

"அம்மாகிட்ட சொல்லாத பாப்பா. இன்ஜின் சூடு பட்டுடுச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். யாருகிட்டயும் சொல்லக்கூடாது, சரியா?"

நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அம்மாவின் கையால் எனக்கு விழவேண்டிய அடியிலிருந்து அப்பா என்னைக் காப்பாற்றிவிட்டார். எனக்கு விளங்கியது அவ்வளவுதான். சாயங்காலம் அம்மா வந்து கேட்டபோது அவர் கூசாமல் பொய் சொன்னதைப் பார்த்து, இப்படி ஓர் அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று உருகிப்போனேன். காலில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளே வண்டி ஏறினார்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, அப்பாவுக்கும் மாமாவுக்கும் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். உச்சிவெயில். உப்புக் குவியல்களை நிமிர்ந்து பார்க்கமுடியாது, கண் கூசும். மூட்டை அடுக்கை நோக்கி அப்பா லாரியைப் பின்னால் விட்டுக்கொண்டிருந்தார். மாமா பின்னால் நின்று, "வரட்டும், வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்து, "ஹோல்டேன்!" என்று பலகையில் ரெண்டு தட்டுத் தட்டினார். லாரி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மாமா பின்கதவின் கொக்கியைக் கழற்ற இடுக்கில் நுழைந்தார்.

நான் அப்பாவைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வெளியே நீட்டியிருந்த தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கீழே குனிந்து பார்த்தார். வண்டியைப் பின்னால் விடுகிறவர் பின்னால்தானே பார்க்கவேண்டும்? அவர் தன் கிளட்ச் காலைப் பார்த்தார். அந்த நொடியில் லாரி ஒரு முழம் பின்னால் எகிறி, இன்ஜின் அணைந்து நின்றது.

லாரிக்கும் மூட்டைக்கும் நடுவில் மாமா இருந்தார்.

அவர் சாகவில்லை. இடுப்பெலும்பு உடைந்தது. அவரை வெளியே எடுத்துப் படுக்கவைத்தபோது, "அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்றுதான் முதலில் சொன்னார். அதற்குள் பக்கத்துப் பாத்தியிலிருந்து அம்மா ஓடிவந்துவிட்டாள். உப்பு ஒட்டிய கையோடு அப்பாவின் மார்பில் அடித்தாள். "எந்தம்பி இடுப்ப ஒடச்சிட்டியே பாவி!" முதலாளியின் வண்டியில் மாமாவைப் பாண்டிச்சேரிக்கு எடுத்துப் போனார்கள். மிச்சமிருந்த கூட்டம் அப்பாவைச் சுற்றிக்கொண்டது. முதலாளி வந்தார். கேட்ட முதல் கேள்வியே, "தண்ணி போட்டிருந்தியா?" என்பதுதான்.

அப்பாவுக்குக் குடிப் பழக்கம் கிடையாது. கல்யாணச் சாவில் கூடத் தொட்டதில்லை. ஆனால் லாரிக்காரன் குடிக்கமாட்டான் என்று சொன்னால்தான் ஊர் நம்பாது. யாரும் அவர் வாயை மோந்து பார்க்கவில்லை. அப்பா கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சூட்டுக்காயத்தைப் பற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயப்படுகிறார் என நினைத்து, சொல்லமாட்டேன் என்று மெல்லத் தலையை ஆட்டினேன்.

"ஆமாங்க. காலையில கொஞ்சம்" என்றார் அப்பா.

முதலாளி ஓங்கி அறைந்தார். ஒரு மாதம் வண்டிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்றார். அவ்வளவுதான் தண்டனை. குடித்த டிரைவரை ஒரு மாதத்தில் மன்னித்துவிடுவார்கள். காலில் உணர்ச்சி இல்லாத டிரைவரை எந்த முதலாளியும் எந்தக் காலத்திலும் வண்டியில் ஏற்றமாட்டான். அந்தக் கணக்கு அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிய எட்டு வருஷம் பிடித்தது. அப்பாவைக் காட்டப் போன ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பில் நரம்பு நசுங்கிப்போயிருக்கிறது, கால் மரத்து ரொம்ப வருஷம் ஆகியிருக்குமே, யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். அப்பாவுக்கு அப்போது முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி ஒன்றும் இல்லை. லாரிப் படியில் ஏறமுடியாமல் போய்த் தானாகவே நின்றுவிட்டிருந்தார். அதுவரைக்கும் வேறு யாரும் அவர் சக்கரத்தில் விழாமல் இருந்தது யார் செய்த புண்ணியமோ தெரியாது.

அன்றைக்குத்தான் அந்த உப்பு முடிச்சைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஓட்ட விட்டிருப்பனா?" என்று மட்டும் கேட்டாள். அவள் போய் மாமாவிடம் சொன்னாள். தன் தம்பி ஆறுதல் அடைவான், மச்சான் குடிகாரன் இல்லை என்று தெரிந்தால் மனசு ஆறும் என்று நம்பித்தான் போனாள். அந்த மதியத்துக்கு அப்புறம் மூட்டையே தூக்காத மாமா, கோலை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றாராம். "போதையில செஞ்சிட்டாருன்னு நான் எப்பவோ மன்னிச்சி விட்டுட்டேங்க்கா. தெரிஞ்சேவா ஓட்டினாரு?" அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவைக் குறைசொல்லவும் வரவில்லை. என்னைச் சொல்லிக்கொள்ளலாம், ஒன்பது வயதுதானே என்று எல்லோரும் அதையும் தடுத்துவிடுகிறார்கள்.

முதலாளி விதித்த அந்த ஒரு மாதம் அப்பா வீட்டில் இருந்தார். அம்மா அவரோடு பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு மாமாவைப் பார்க்கப் போய்விடுவாள். அவள் தலை மறைந்ததும் அப்பா என்னைக் கூப்பிடுவார். புதிதாக ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருந்தார். துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு இடது காலை நீட்டிவிடுவார். நான் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, அவருடைய விரல்களில் ஏதாவது ஒன்றைத் தொடவேண்டும். எந்த விரல் என்று அவர் சொல்லவேண்டும். பத்து ஆட்டம். முதல் வாரம் ரெண்டு மூன்று சரியாகச் சொன்னார். குத்துமதிப்பாகச் சொல்கிறார் என்று நான் சண்டை போட்டேன். நான் சந்தோஷப்படவேண்டும் என்று வேண்டுமென்றே தோற்கிறார் என்றும் ஒரு சந்தேகம் இருந்தது. "இன்னும் அழுத்திக் குத்து பாப்பா" என்பார். குத்துவேன். சில நாள் ரத்தம்கூட எட்டிப் பார்க்கும். அப்போதும் "தொட்டுட்டியா?" என்று கேட்பார்.

மாதம் முடிகிற அன்று காலையிலும் விளையாடினோம். தலையை ஒரு பக்கம் சாய்த்து, யாரோ தூரத்தில் கூப்பிடுவதைக் காது கொடுத்துக் கேட்பவர் போல அப்பா அன்று ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். பத்தும் தப்பு. கட்டை விரல் என்றால் சுண்டு விரல், சுண்டு விரல் என்றால் நடுவிரல். அவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து சட்டையை மாட்டினார். செருப்பில் கால் சரியாக நுழைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். சாவி வாங்க முதலாளி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

முதல் தடவையாகப் பத்துக்குப் பத்து ஜெயித்திருக்கிறேன். சும்மா விடுவேனா? "தோத்துட்டியேப்பா! தோத்துட்டியேப்பா!" என்று கத்திக் கைதட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் அவர் பின்னாலேயே ஓடினேன்.